கறுப்புப் பெட்டி, வெள்ளிப் பெட்டி

ஜனவரி 11

அன்புள்ள தகரத்துக்கு,

நானும் உன் அத்தையும் இங்கே சௌக்கியம். போன வருடம் முதுகுவலி என்றாயே, தேவலையா? கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே.

போன் பண்ணியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் போனில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லோரும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஆகஸ்டில் நம் பாட்டுக் குழுவுக்கு ஐம்பது வயது முடிகிறது. விழாவில் நான்தான் குழுவை நடத்த வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கடைசியில் படகுப் பாட்டு. நம் பழைய பதிவில் அதன் கடைசி அடியில் ஒரு மினுக்கம் வருமே, தண்ணீரில் வெயில் பட்ட மாதிரி, ஞாபகம் இருக்கிறதா? பதிவு செய்ய வந்தவர்களே கைதட்டினார்கள். நான் குரல்களை அடுக்கிய விதத்தில் வந்தது அது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், மினுக்கத்தைக் காணோம்! சி.டி. அதேதான். ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் உன் கடையில் வாங்கியவைதான். எங்கே போய்த் தொலைந்தது?

ஒரு பத்திரிகையில் படித்தேன். சி.டி.யில் இருப்பதெல்லாம் வெறும் எண்களாம். அவற்றைச் சத்தமாக மாற்றும் சில்லு பிளேயருக்குள்ளேயே இருக்கிறதாம். அது மட்டமானதாக இருந்தால் இசை செத்துப்போகுமாம். அதற்குப் பதிலாக வெளியே ஒரு தனிப் பெட்டி வைக்கலாமாம், டி.ஏ.சி. என்று பெயர். வைக்கலாமா, வேண்டாமா? இத்தனை வருடமாக ஸ்டீரியோ கடையில் இருக்கிறாய். பாட்டுதான் உனக்கு வரவில்லை, பெட்டிகளைப் பற்றியாவது தெரிந்திருக்குமே!

உன் மாமா

பி.கு.: உன் அத்தையும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். வயசாகிறது.


ஜனவரி 25

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

முதுகு இப்போது பரவாயில்லை. விசாரித்ததற்கு நன்றி. உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

டி.ஏ.சி. விஷயம் நல்ல கேள்வி. எடுத்த எடுப்பில் வாங்கிவிடக் கூடாது. உங்களைப் போல நுணுக்கமாகக் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அதனால் முதலில் எனக்குச் சில விவரங்கள் வேண்டும். மங்கிப்போனது அந்த மினுக்கம் மட்டும்தானா? பாட்டின் சொற்கள் தெளிவாக இருக்கின்றனவா? வீட்டில் வேறு சத்தங்கள் ஏதாவது முன்பு போல இல்லை என்று தோன்றுகிறதா? சில வீடுகளில் மின்சார இணைப்பு சரியில்லாவிட்டாலும் இப்படி ஆகலாம். நிதானமாகக் கவனித்து எழுதுங்கள், அவசரமே இல்லை.

அத்தைக்கு என் அன்பு.

தகரம்


பிப்ரவரி 8

அன்புள்ள தகரத்துக்கு,

இருவரும் நலம். ரத்த அழுத்தம் அதன் இடத்தில் இருக்கிறது, நான் என் இடத்தில் இருக்கிறேன்.

இவ்வளவு பொறுப்பாகக் கேட்பாய் என்று எதிர்பார்க்கவில்லை. கடை உன்னை ஆளாக்கிவிட்டது. கவனித்ததை எழுதுகிறேன். சொற்கள் கொழகொழவென்று இருக்கின்றன. 'ஸ' என்ற எழுத்தே மொழியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது போல. பாட்டில் வருகிற முக்கோண மணியை யாரோ துணியில் சுற்றி அடிக்கிறார்கள். எல்லாம் அந்த மட்டமான சில்லு செய்கிற வேலை, சந்தேகமே இல்லை.

மற்ற சத்தங்கள் பற்றிக் கேட்டாய். புதிதாக வாங்கிய கெட்டில் விசிலே அடிப்பதில்லை. இந்தக் காலத்துச் சாமான் எல்லாமே போலி. ஜன்னல் பக்கத்து மரத்துக்குக் குருவிகளும் வருவதில்லை. ஊரே பாழாகிறது, யாருக்கு அக்கறை? ஆனால் இதற்கும் ஸ்டீரியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

நல்ல பெட்டியாகப் பார்த்து அனுப்பு. ஒத்திகை அடுத்த மாதம் ஆரம்பம்.

உன் மாமா


பிப்ரவரி 20

என் தங்கத்துக்கு,

அத்தை எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் மாமா உனக்கு எழுதியதை என்னிடம் படித்துக் காட்டினார். கெட்டில் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறது. இரண்டு தடவை தண்ணீர் வற்றி அடி கருகிவிட்டது, இவர் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். குருவிகளுக்கு நான்தான் தினமும் தானியம் போடுகிறேன். அதுகள் போடுகிற கூச்சலில் நான் பகலில் கண்ணசர முடியவில்லை. போனில் நீ பேசினாலும் முணுமுணுப்பு, நான் எதிரே நின்று பேசினாலும் முணுமுணுப்பு. போன வாரம் நான் கத்திப் பேசினேன். "ஏன் இப்படி நாய் மாதிரி கத்துற?" என்றார். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

பிளேயரில் ஒரு கோளாறும் இல்லை, தங்கம். கோளாறு அவர் காதில். நான் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார். "என் காதைப் பத்தி நீ பேசாத"ன்னு ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நீ கடையில் எத்தனை வயசானவர்களைப் பார்த்திருக்கிறாய்! நீ எழுதினால் கேட்பார். டாக்டரிடம் போகச் சொல்லி ஒரு வரி எழுது. விழாவில் நாலு பேர் முன்னால் அவர் அவமானப்பட்டால் என்னால் தாங்க முடியாது.

உன் அத்தை


மார்ச் 6

அன்புள்ள அத்தைக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், ஜன்னலோரம் வெயிலில் கொஞ்சம் உட்காருங்கள். கெட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்.

அவருடைய முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்கு வாரம் ஒருவர் இப்படி வருவார். ஸ்பீக்கரைக் குறை சொல்வார், ஒயரைக் குறை சொல்வார், கூட வந்த மனைவி பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். அவர்களிடம் நான் பக்குவமாக எடுத்துச் சொல்வேன். இவரிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டும் மாட்டேன்.

பதிவு நடந்த அன்று நீங்கள் கூடத்தில் இல்லை. உங்களிடம் இதை நான் முழுதாகச் சொன்னதும் இல்லை. எனக்குப் பதினேழு வயது. உங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மைக்கெல்லாம் தொங்கவிட்டாயிற்று, எல்லோரும் வரிசையில் நின்றாயிற்று. இவர் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, என் குரல் தகரத்தைத் தட்டுகிற மாதிரியாம். "ஏய் தகரம்! நீ கடைசி வரிசைக்குப் போ. வாயை மட்டும் அசை. சத்தம் வந்துச்சு, தொலைச்சுடுவேன்" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? இசைக் கல்லூரியில் சேர ஒரு சிபாரிசு எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது, "பொய் எழுதிப் பழக்கமில்லை" என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே யாரும் என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து குளிக்கும்போதுகூட நான் பாடியதில்லை. குடும்பத்தில் குழந்தைகள் உட்பட இன்னும் எனக்குத் தகரம்தான் பேர்.

இப்போது அவர் முறை. விழா மேடையில், ஊர் கூடியிருக்கும்போது, அவர் காதின் லட்சணம் எல்லோருக்கும் தெரியட்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

இன்று அவருக்கு இரண்டு பெட்டிகள் அனுப்புகிறேன், கறுப்பு ஒன்று, வெள்ளி ஒன்று. ஒரே கம்பெனி, உள்ளே ஒரே மின்சுற்றுப் பலகை, ஒரே சில்லு. மேல்தகடு மட்டும்தான் வேறு. எது உசத்தி என்று அவர் எழுதுவார் பாருங்கள்.

என் மேல் கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

உங்கள் தங்கம்


மார்ச் 6

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள். கடையில் கேட்டுப் பார்க்கக் கொடுக்கிற பெட்டிகள் இரண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எது சிறந்தது என்று எங்களுக்கே குழப்பம். உங்களைப் போன்ற ஒருவர் கேட்டுச் சொன்னால் கடைக்கும் உதவியாக இருக்கும். விரிவாக எழுதுங்கள். நாலு பேருக்குப் படித்துக் காட்டுவேன்.

தகரம்


ஏப்ரல் 2

அன்புள்ள தகரத்துக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டாயிற்று. ஐயோ, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! இது தெரியவில்லை என்றால் உன் கடையில் இருப்பவர்கள் எல்லோரும் மாடு மேய்க்கப் போகலாம். கறுப்புப் பெட்டியில் ஆண் குரல்கள் கனமாக, கம்பீரமாக வந்து உட்காருகின்றன. ஆனால் அதற்குக் கொஞ்சம் திமிர். வெள்ளிப் பெட்டி பணிவானது. குரல்களுக்கு நடுவே காற்றோட்டம் விடுகிறது. கறுப்பு அவசரப்படுகிறது, வெள்ளி மூச்சு வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே ஆள் செய்தவை அல்ல, எழுதித் தருகிறேன். என் ஓட்டு வெள்ளிக்கு. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம்.

ஆனால் அந்த மினுக்கம் வெள்ளியிலும் வரவில்லை. இன்னும் உசத்தியான பெட்டி இருக்கிறதா?

ஒத்திகை ஜரூராக நடக்கிறது. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். அவள் வாயை நன்றாகத் திறக்கிறாள், சத்தமே வரவில்லை! கிட்டப் போய் நின்று பார்த்தேன், வெறும் வாயசைப்பு. எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்து, "என்னை ஏமாத்தலாம்னு பாக்குறியா? வெளியே போ" என்று அனுப்பிவிட்டேன். என் காதையா ஏமாற்ற முடியும்?

உன் மாமா


மே 14

என் தங்கத்துக்கு,

மாமாவின் கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். பிறகு, பெட்டிகளைப் பற்றிச் சிரித்துச் சிரித்து ஓய்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். மாமா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்றபடி, "நான் பாடினேன்மா, சத்தியமா பாடினேன்" என்று விசும்பினாள். எங்கே, பாடு பார்ப்போம் என்றேன். பாடினாள். ஊசி மாதிரி சன்னக் குரல், உன் குரலேதான். கை வேலையை விட்டுவிட்டு நின்றேன். "இனிமே பாட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழுவில் எல்லோருக்கும் இவர் காது விஷயம் தெரிந்துவிட்டது. ஒத்திகையில் நாலைந்து பேர் வேண்டுமென்றே வாயை மட்டும் அசைக்கிறார்களாம், இவர் "பேஷ்!" என்கிறாராம். வெளியே வந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். நீ ஆசைப்பட்டது நடக்கிறது, தங்கம். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அன்றைக்கு உனக்காக நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் உனக்கு என்ன பாவம் செய்தாள்?

உன் அத்தை


ஜூன் 3

மாமாவுக்கு,

உங்கள் ஆரோக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க, அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

ஒரு திருப்புளி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளின் மேல்தகட்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒன்றேதான். திமிரும் பணிவும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள். ஆமாம், தெரிந்தேதான் அனுப்பினேன். உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்து, இத்துடன் இருக்கும் சி.டி.யைப் போடுங்கள். பாட்டு இல்லை. ஒரே ஒரு ஒலி, கீழிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். அத்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்கிற வரைக்கும் இருவரும் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், நின்றதும் இறக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. உங்களுக்குத் தனிப் பெட்டி தேவையா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். காது டாக்டரிடம் போங்கள்.

விழா வரைக்கும் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை. நீங்கள் துரத்திய அந்தப் பெண் பாடினாள், உங்களுக்குத்தான் கேட்கவில்லை. இன்னொரு தகரத்தை உங்கள் கையால் உண்டாக்க விடமாட்டேன். ஒருத்தி போதும்.

இனி மினுக்கம். பதிவன்று கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைத்தபடி நின்றேன். கூடத்தின் எதிரொலிக்காகப் பின்னால் ஒரு மைக் தொங்கவிட்டிருந்தார்கள், சரியாக என் தலைக்கு மேலே. கடைசி அடி வந்தது. நான் பாடினேன். வயிறெரியப் பாடினேன். முன்னால் நின்ற உங்களுக்கு அது தனியாகக் கேட்டிருக்காது. மைக்குக்குக் கேட்டது. பதிவைப் போட்டுக் கேட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள், நீங்கள் தலைவணங்கினீர்கள்.

இத்தனை வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீங்கள் போட்டுக் காட்டியது என்னைத்தான் மாமா. கறுப்புப் பெட்டியிலும் வெள்ளிப் பெட்டியிலும் நீங்கள் தேடியதும் என்னைத்தான்.

தகரம்


ஜூன் 28

என் தங்கத்துக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். நீ என்ன ஆயிற்றோ என்று தவித்துக்கொண்டிருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சி.டி.யைப் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒலி ஏறிக்கொண்டே போனது. அவர் கையை இறக்கிவிட்டு, "முடிஞ்சுடுச்சா?" என்றார். நான் கையை இறக்கவில்லை. அவர் பிளேயரைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், அப்புறம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தோள் வலித்தது. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கும்போது பொய்யாக எப்படி இறக்குவது? வாழ்நாளெல்லாம் அவர் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் என் கையைப் பார்த்தார்.

பிறகு இரண்டு பெட்டிகளையும் கழற்றினார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அவ வேணும்னே செஞ்சிருக்கா" என்றார். "ஆமாங்க" என்றேன். "உனக்கும் தெரியுமா?" என்றார். "தெரியுங்க" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். "டாக்டர்கிட்ட நீயும் வா" என்றார், அவ்வளவுதான்.

உன் அத்தை


ஜூலை 20

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே இருவரும் இருக்கிறோம்.

இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார்கள். குருவிகள் வந்துவிட்டன. சனியன்கள், விடிந்ததும் ஆரம்பித்துவிடுகின்றன. உன் அத்தை இவ்வளவு நாளும் முணுமுணுக்கவில்லை என்று தெரிகிறது. அவள் சொன்னதில் பாதி என்னைத் திட்டியது என்றும் தெரிகிறது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் அனுப்பியதால் எல்லோர் முன்னாலும் கூட்டி வந்தேன், காதிலிருந்த மெஷினைக் கழற்றிக் காட்டிக் காரணமும் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் வாயை மட்டும் அசைப்பதில்லை.

பெட்டிகளை மூடித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தனிப் பெட்டி வேண்டாம். பிளேயரில் இருக்கிற சில்லு போதும். படகுப் பாட்டைக் கேட்டேன். கடைசி அடியில் நீ இருக்கிறாய். இடது பக்கம், பின்னால். அரை மாத்திரை முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறாய். கோபத்தில் பாடியிருக்கிறாய் என்று கேட்டாலே தெரிகிறது. எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லை, அப்போது காது நன்றாகத்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. நீயும் கொடுக்க மாட்டாய். சிபாரிசு எழுத வேண்டிய காலத்தில் எழுதவில்லை. அதை இனிமேல் எழுதி என்ன பிரயோசனம்?

விழாவுக்கு வா. கடைசி அடியை எப்படி அடுக்கினாலும் அது வரவில்லை. கடைசி வரிசையில் ஒரு இடம் விட்டுவைத்திருக்கிறேன். முன் வரிசை வேண்டுமென்றாலும் சொல்.

உன் மாமா


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. காது மெஷினைக் குளிக்கும்போது கழற்றி வையுங்கள், ஈரம் ஆகாது. அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறையாவது கேளுங்கள். பதிலும் இனிமேல் காதில் விழும்.

விழாவுக்கு வருகிறேன். முன் வரிசை வேண்டாம், அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துங்கள். எனக்குக் கடைசி வரிசையே போதும், பழகிய இடம். ஒரே ஒரு நிபந்தனை. என் தலைக்கு மேலே மைக் எதுவும் தொங்கக் கூடாது. பதிவும் கூடாது.

கடைசி அடி வரும்போது நீங்கள் கையைத் தூக்குவீர்கள். நான் உங்களை நேராகப் பார்த்து வாயைத் திறப்பேன். பாடுகிறேனா, வாயை மட்டும் அசைக்கிறேனா என்று நீங்களே கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

தகரம்